வேன் நின்ற நாலு இடங்கள்

ஜூன் 3, 2025

இந்த டைரி ஒரு டிராவல்ஸ்காரர் புத்தாண்டுக்குக் கொடுத்தது. பக்கத்துக்குப் பக்கம் மூலையில் ஏரிப் படம். ஐந்து மாதமாக அரிசி டின்னுக்கு மேல் கிடந்ததை மகாதேவி தூசி தட்டி என் முன்னால் வைத்தாள். "யாரைப் பத்தியாவது யார்கிட்டயாவது சொல்லலைன்னா உங்களுக்கு வயிறு உப்பிரும். இதுல எழுதுங்க. இது போயி நாலு பேர்கிட்டச் சொல்லாது." இருபத்துநான்கு வருடம் என்னோடு குடும்பம் நடத்தியவள். வியாதியும் தெரியும், மருந்தும் தெரியும்.

சரி, இன்றைய சேதி. பொன்னுவேலின் லாட்ஜுக்குப் பின்னால் இருக்கும் கொட்டகையில் சேனாதிபதி அண்ணனின் மேசையைக் காலி செய்தார்கள். 'செய்தார்கள்' என்று எழுதுகிறேன் பார். ஒரு முனையைப் பிடித்துத் தூக்கியதே நான்தான். பேனா போட்டு வைக்கிற பழைய பிஸ்டன் ஒன்று உருண்டு என் கால் விரலில் விழுந்தது. பொருத்தமான இடத்தில்தான் விழுந்தது.

அந்தக் கொட்டகைதான் 'பனிமலை ரேசிங்'. ஓட்ட ஒரு பைக், உதிரிக்கு ஒரு பைக், ஓட்டுவதற்குத் தமிழ்மதி, செலவு செய்ய லாட்ஜ் முதலாளி பொன்னுவேல், மானேஜர் என்ற பெயரில் நான். ஏரிக்கரையில் சைக்கிள் வாடகைக்கு விடுகிறவன் பந்தய அணிக்கு மானேஜரானது எப்படி என்றால், வேன் என்னுடையது. மைக் பிடிக்கவும் வரும். பந்தயத்தில் தமிழ் வர்ணனை நான்தான். ஆனால் எங்களை ஓர் அணி என்று நாலு பேர் மதித்தது அண்ணன் வரைந்த எஞ்சினுக்காக. கோயம்புத்தூரில் ஒரு மோட்டார் ஆலையில் எஞ்சின் வரைந்துகொண்டிருந்த மனிதர். பதினான்கு வருடத்துக்கு முன் பொன்னுவேல் மலைக்கு அழைத்து வந்தார். பைக்கின் உடம்பு கம்பெனிக்காரன் செய்தது. சிலிண்டர், அதன் தலை, உள்ளே காற்று போகும் வழி எல்லாம் அண்ணன் தாளில் வரைந்து வார்க்கக் கொடுத்தவை.

போன மாதம் ஓய்வு என்று சொல்லிவிட்டு அடுக்கத்தில் இருக்கும் தன் வீட்டுக்குப் போய்விட்டார். அறுபத்தேழு வயது. "கண்ணு முன்ன மாதிரி இல்ல" என்றார். எல்லாரும் நம்பினார்கள்.

நான் நம்பவில்லை. காரணம் எனக்குத் தெரியும். நாளைக்கு எழுதுகிறேன்.

ஜூன் 4

நாளைக்கு.

ஜூன் 6

மகாதேவி ஏரிக்கடைக்குப் போய்விட்டாள். எழுதித் தொலைக்கிறேன்.

பிப்ரவரியில் ஜெயித்ததற்குப் பொன்னுவேல் ஏப்ரல் கடைசியில் லாட்ஜ் புல்வெளியில் விருந்து போட்டார். அண்ணன் மகள் ஸ்வேதாவுக்கு அப்போதுதான் பழனியில் சம்பந்தம் முடிவாகியிருந்தது. சம்பந்தி வீட்டார் கோயில் சேவைக் குடும்பம். பெண்ணின் அப்பா அப்படி என்னதான் வேலை பார்க்கிறார் என்று பார்க்க மலையேறி வந்திருந்தார்கள். அண்ணன் அன்றைக்கு இஸ்திரி போட்ட சட்டை. கொட்டகையைச் சுற்றிக் காட்டினார். வரைபடத் தாள்களை விரித்துக் காட்டினார். அவ்வளவு பேசி நான் அவரைப் பார்த்ததே இல்லை.

அப்புறம் பொன்னுவேல் என் கையில் மைக்கைக் கொடுத்தார்.

அண்ணனிடம் ஒரு பழக்கம் உண்டு. பந்தயத்துக்காகப் பழனி மலைப்பாதையில் கோயம்புத்தூருக்கு இறங்கும்போது நாலு இடத்தில் வேனை நிறுத்தச் சொல்வார். "நிறுத்து" — ஒரே சொல். இறங்கிப் புதர்ப் பக்கம் போவார். திரும்பி வந்து பின்கதவைத் திறந்து, உள்ளே நிற்கும் பைக்கை ஸ்டார்ட் செய்து உறுமவிடுவார். அவருடைய உதவி மெக்கானிக் கோகுல்ராஜ் டார்ச் பிடித்துக்கொண்டு நிற்பான். பத்து நிமிடம். மறுபடி ஏறுவார். நாங்கள் டீ குடித்துக்கொண்டு சிரிப்போம். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. கேட்காமலே காரணம் கண்டுபிடிக்கத்தான் நான் இருக்கிறேனே.

மைக்கில் ரயில்வே அம்மா குரலில் ஆரம்பித்தேன். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு. கொடைக்கானலிலிருந்து கோயம்புத்தூர் செல்லும் சேனாதிபதி எக்ஸ்பிரஸ், பெருமாள்மலை, வடகவுஞ்சி, சவரிக்காடு, வரதமாநதி அணை ஆகிய புதர்களில் நின்று செல்லும். எஞ்சின் சத்தம் கேட்கும்போது பயணிகள் யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம்."

புல்வெளி குலுங்கியது. சம்பந்திக்குப் பாயசம் புரையேறியது. அவர் மனைவி அவர் தலையில் தட்டித் தட்டிச் சிரித்தாள். அண்ணனும் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஸ்வேதா மட்டும் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கை கழுவும் இடத்தில் அண்ணன் என் பக்கத்தில் வந்து நின்றார். "நல்லாப் பண்ணுன மணியா" என்றார். பத்தாம் நாள் கொட்டகைச் சாவியைப் பொன்னுவேலின் மேசையில் வைத்துவிட்டார்.

அந்த நகைச்சுவைக்கு வந்த கைதட்டல் என் வாழ்நாளிலேயே பெரியது. அதையும் எழுத வேண்டும். எழுதாவிட்டால் இது பொய் டைரி.

ஜூன் 12

கோகுல்ராஜ்தான் இப்போது எஞ்சினுக்குப் பொறுப்பு. முப்பத்துநான்கு வயது, இரண்டு பிள்ளைகள். அண்ணன் பக்கத்திலேயே பதினோரு வருடம் நின்றவன். கைக்கு எல்லாம் தெரியும். வாய்தான் கிடையாது. இன்று கார்புரேட்டரைக் கழற்றி மாட்டினான், கழற்றி மாட்டினான். ஐந்தாவது முறை கழற்றியபோது தமிழ்மதி, "கோகுலண்ணே, அது என்ன குழந்தையா, டயப்பர் மாத்திக்கிட்டே இருக்கீங்க" என்றாள். அவன் சிரிக்கவில்லை.

தமிழ்மதி கிளாவரைக்காரி. பூண்டு விவசாயி மகள். இருபத்துமூன்று வயது. பீன்ஸ் மூட்டை கட்டிய பைக்கைக் கவுஞ்சி வளைவுகளில் சாய்த்து ஓட்டிப் பழகியவளுக்குப் பந்தயத் தடம் மெத்தை மாதிரி. அண்ணன் ஏன் போனார் என்று என்னைக் கேட்டாள். கண் சரியில்லையாம் என்றேன்.

"அவரா? எம் பைக்குல முடி அளவு கீறல் விழுந்தாக் கண்டுபிடிக்கிறவரு" என்றாள்.

நான் வேன் டயரில் காற்று பார்க்கப் போய்விட்டேன். காற்று சரியாகத்தான் இருந்தது.

ஜூன் 20, கோயம்புத்தூர் லாட்ஜில்

மலை இறங்கியாயிற்று. வழியில் எங்கும் நிற்கவில்லை. எப்போதும் வருவதைவிட ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து சேர்ந்தோம். பொன்னுவேலுக்குப் போன் போட்டுப் பெருமையாகச் சொன்னேன்.

பெருமாள்மலையில் கோகுல்ராஜ் மெதுவாக ஆரம்பித்தான். "அண்ணே, இங்கன ஒருதரம் நிறுத்திப் பாத்துக்கிருவமா?"

நான் கண்ணாடி வழியாகப் பின்னால் இருப்பவர்களைப் பார்த்தேன். பார்வையாளர்கள் இருந்தால் என் நாக்கு என் பேச்சைக் கேட்காது. "ஏலே, முப்பத்துநாலு வயசுலயே ஒனக்கும் வந்துருச்சா? புதர் வேணுமா, மரம் போதுமா?"

தமிழ்மதி இருக்கையில் சரிந்து சிரித்தாள். பின்னால் இருந்த கொட்டகைப் பையன்கள் இரண்டு பேரும் சேனாதிபதி எக்ஸ்பிரஸ் அறிவிப்பைக் கோரஸாகப் பாடினார்கள். எல்லாருக்கும் மனப்பாடம். கோகுல்ராஜின் காது மடல் சிவந்தது. வடகவுஞ்சியில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டான். சவரிக்காட்டிலும் வாய் திறக்கவில்லை.

நாளை பயிற்சி. மழை வரும் போலிருக்கிறது.

ஜூன் 22

விழுந்துவிட்டாள்.

ஜூன் 24

தோள் எலும்பு. அறுவை வேண்டாம், பட்டை போட்டு ஆறு வாரம் வைத்தால் கூடிவிடும் என்றார்கள். தலைக்கு ஒன்றுமில்லை. முதலில் இதை எழுதிவிட்டேன். இனி மற்றது.

சனிக்கிழமை மழையில் பயிற்சி மூன்றே சுற்றோடு போயிற்று. கோகுல்ராஜ் புத்தகத்தில் இருக்கும் கணக்குப்படி பெட்ரோல் அளவைக் கூட்டி வைத்தான். ஞாயிறு நல்ல வெயில். நான் வர்ணனைக் கூண்டில். ஐந்தாவது சுற்றில் அவள் மூன்றாவதாக வருகிறாள். நேர்ப்பாதையில் முழு வேகம். "நம்ம கிளாவரைக் குதிரை கெளம்பிருச்சு பாருங்க" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன் — எஞ்சின் சத்தம் நின்றது. குறையவில்லை. நின்றது. பின்சக்கரம் சுழலாமல் இறுகிக்கொண்டு பைக் குறுக்கே திரும்பியது. இடது தோளில் விழுந்து உருண்டாள்.

மைக் என் கையில்தான் இருந்தது. ஒன்றும் வரவில்லை. ஒரு 'ஐயோ' கூட வரவில்லை. என்ன ஜென்மம்டா நீ? ஊருக்கே வாய் வாடகைக்கு விடுகிறவனுக்கு வேண்டிய நேரத்தில் வாய் இல்லை. பக்கத்தில் இருந்த இங்கிலீஷ் வர்ணனைக்காரர் மைக்கைப் பிடுங்கி ஆம்புலன்ஸ் என்று கத்த வேண்டியதாயிற்று.

ஜூன் 26

கொட்டகையில் பொன்னுவேல் எல்லாரையும் உட்கார வைத்தார். கோகுல்ராஜ் பிஸ்டனைத் துணியில் வைத்துக் காட்டினான். பக்கவாட்டில் உருகி இழுத்த கோடுகள். பெட்ரோல் பட்டினி என்றான். எனக்குப் புரிகிற மாதிரிச் சொன்னது இது: மேலே காற்று இளைத்தது, கீழே இறங்க இறங்கக் கனத்த காற்று. கனத்த காற்றுக்குத் தகுந்தபடி பெட்ரோல் கூட வேண்டும். குறைந்தால் எஞ்சின் கொதித்து, பிஸ்டன் சிலிண்டரில் ஒட்டிக்கொள்ளும். மற்ற எஞ்சினுக்கெல்லாம் புத்தகக் கணக்குப் போதும். அண்ணன் வரைந்த எஞ்சினுக்குப் போதாது. அதனால்தான் அவர் இறங்குகிற வழியில் நாலு உயரத்தில் நிறுத்தி, ஓடவிட்டு, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தைப் பார்ப்பார். டீ நிறத்தில் இருந்தால் சரி. வெளுத்திருந்தால் பட்டினி, பெட்ரோலைக் கூட்டுவார்.

அப்படியானால் புதர்? நானே கட்டிவிட்ட கதையா?

"தெரிஞ்சிருந்தும் ஏன்யா நிறுத்தல?" என்றார் பொன்னுவேல்.

கோகுல்ராஜ் ஒரே ஒரு முறை என்னைப் பார்த்தான். அப்புறம் பிஸ்டனைப் பார்த்து, "தோணலைங்க. எந் தப்புதான்" என்றான்.

இந்த இடத்தில் நான் எழுந்து, 'அவன் கேட்டான், நான்தான் கேலி பண்ணி அடைத்தேன்' என்று சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? டீ சொல்லப் போனேன். எல்லாருக்கும். சர்க்கரை எத்தனை என்று வேறு கேட்டுக்கொண்டு.

செப்டம்பர்ப் பந்தயமும் இப்படிப் போனால் கொட்டகையை இடித்து ரூம் கட்டிவிடுவதாகப் பொன்னுவேல் சொல்லிவிட்டார். அவர் சொன்னால் செய்கிறவர்.

ஜூலை 1

கிளாவரைக்குப் போய்த் தமிழ்மதியைப் பார்த்தேன். கையை மார்போடு கட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்து, ஒற்றைக் கையால் போனில் பந்தய வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாள். தான் விழுகிற இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறாள். அவள் அம்மா முருகம்மாள் பூண்டுக் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்து தாள் கிள்ளிக்கொண்டிருந்தார்.

"அந்தக் கோகுலு கவனிக்காம விட்டுட்டானாமே. எம் பிள்ளை உசுரு அவனுக்கு வெளையாட்டாப் போச்சா? வரட்டும் இந்தப் பக்கம், வெளக்குமாத்தால ரெண்டு போடுறேன்."

"ம்" என்றேன்.

'ம்' என்று ஓர் எழுத்து. நாற்பத்தொன்பது வருடத்தில் நான் சொன்ன பொய்களிலேயே சின்னது. இவ்வளவு பெரிய பாவத்தை அதற்குள் அடைக்க முடியும் என்று தெரியாமல் போயிற்று.

கிளம்பும்போது ஒரு பை நிறையப் பூண்டைத் திணித்தார். "நீங்க ஒராளுதான் வந்து பாத்திருக்கீங்க." மன்னவனூர் தாண்டும்வரை வேன் முழுக்கப் பூண்டு வாசம். கண்ணில் நீர் வந்ததற்குப் பூண்டின் மேல் பழி போட்டேன். பழி போட ஏதாவது கிடைத்துவிடுகிறது எனக்கு.

ஜூலை 5

மகாதேவி என் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். "ஒரு வாரமா யாரைப் பத்தியும் ஒண்ணும் சொல்லல. எதிர்வீட்டுல அம்புட்டுப் பெரிய சண்டை நடந்துச்சு, எட்டிக்கூடப் பாக்கல. ஆஸ்பத்திரிக்குப் போவமா?"

ஜூலை 13

அடுக்கத்துக்குப் போய் வந்தேன். முழுவதையும் எழுத வேண்டும். வேறு யாரிடமும் சொல்லப் போவதில்லை.

வெள்ளனே கிளம்பி ஸ்கூட்டரில் போனேன். அண்ணன் வீட்டுமுன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து மடியில் மிக்சியைப் பிரித்து வைத்திருந்தார். வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. இன்னொரு நாற்காலியைக் காலால் நகர்த்தினார்.

"பிஸ்டன் எந்தப் பக்கம் கீறியிருக்கு?"

தெரியாது என்றேன்.

"புள்ள எந்தப் பக்கம் விழுந்துச்சு?"

"இடது பக்கம்ணே."

"அது தெரியுதுல்ல."

நான் ஆரம்பித்தேன். எப்படி ஆரம்பிப்பேன்? மிக்சியைக் காட்டி, இதற்கும் வடகவுஞ்சியில் நிறுத்தி ஓடவிட்டுப் பார்க்க வேண்டுமா என்று கேட்டேன். அண்ணன் தலை நிமிரவில்லை.

"மைக் இல்லாமப் பேசு, மணியா."

பேசினேன். விருந்தில் நான் செய்தது, பெருமாள்மலையில் கோகுல்ராஜை அடக்கியது, கொட்டகையில் டீ சொல்லப் போனது, முருகம்மாளிடம் சொன்ன 'ம்' — எல்லாம். பிளக் பார்ப்பதற்காக நின்றவரைப் புதருக்காக நின்றதாகப் பொய் கட்டி, அந்தப் பொய்யை எல்லாரும் நம்பி, கடைசியில் ஒரு பெண்ணின் எலும்பு முறிந்தது என்று சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். அந்தச் சொல் என் வாயில் புதுச் செருப்பு மாதிரிக் கடித்தது.

அவர் மிக்சி பிளேடைத் துடைத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"நீ பொய் சொன்னன்னு யாரு சொன்னா?"

எனக்குப் புரியவில்லை.

"நெசந்தான். அஞ்சு வருசமா முக்கா மணிக்கு ஒருதரம் போகணும் எனக்கு. அதுக்குத்தான் நிறுத்தச் சொன்னேன். நீங்க அம்புட்டுப் பேரும் வேனுக்குள்ள இருந்து பாத்துக்கிட்டு இருப்பீங்க. தமிழ்மதியும் இருக்கும். சும்மா போயிட்டு வந்து ஏறக் கூச்சமா இருந்துச்சு. அதனால பின்கதவத் தெறந்து, ஏதோ சோலி பாக்குற மாதிரி வண்டிய ஓடவிட்டேன். சும்மா ஓடவிட்டா நல்லாருக்காதேன்னு பிளக்கைக் கழட்டுனேன். பாத்தா, எடத்துக்கு எடம் நெறம் மாறுது. வரைஞ்சவன் நான், எனக்கே அப்பத்தான் தெரியும், இந்த எஞ்சினு புஸ்தகக் கணக்குக்கு அடங்காதுன்னு. அதுக்கப்பறந்தானல நாம ஜெயிக்கவே ஆரம்பிச்சோம்."

அடுத்த வீட்டில் யாரோ துணி துவைக்கும் சத்தம்.

"நீ சொன்னது பொய்யா இருந்தா, அன்னைக்குச் சம்பந்தியோட சேந்து நானும் நெசமாவே சிரிச்சிருப்பேன்" என்றார்.

செப்டம்பருக்கு மட்டும் வந்து போங்கள் என்று கெஞ்சினேன். அவர் வீட்டின் பின்பக்கத்தை, கழிப்பறையை, கட்டைவிரலால் காட்டினார். "இங்க அஞ்சடியில இருக்கு. அதை விட்டுட்டு எங்கல வரச் சொல்ற?" எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "சிரிலே" என்றார். சிரித்தோம். அந்தக் கோளாறுக்கு ஆகஸ்டில் மதுரையில் ஆபரேஷனுக்கு நாள் குறித்திருக்கிறதாம்.

"கோகுலுக்கு எல்லாந் தெரியும். நிறுத்தச் சொல்லத்தான் பயம் அவனுக்கு" என்றார். கிளம்பும்போது வாசல்வரை வந்தார். "யார்கிட்டயாவது சொல்லணும்னா சொல்லிக்க. நல்ல கதைதான்."

அனுமதியே கொடுத்துவிட்டார். என் வாழ்நாளில் கிடைத்த மிகச் சிறந்த கதை. கூச்சத்தை மறைக்கப் போய் ஒரு மனிதர் கண்டுபிடித்ததை வைத்து நாங்கள் கோப்பை கோப்பையாக வாங்கியிருக்கிறோம். அதே கூச்சத்தை நான் மைக்கில் போட்டு உடைத்திருக்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் மகாதேவி, "அண்ணன் என்ன சொன்னாரு?" என்றாள். மிக்சி ரிப்பேர் என்றேன். நான் சேதி இல்லாமல் திரும்பி வந்ததை அவள் நம்பவே இல்லை.

ஜூலை 14

கொட்டகையில் சொல்லிவிட்டேன். அண்ணனின் அந்தரங்கம் தவிர என் பங்கு முழுவதையும். "அவர் எஞ்சினுக்காகத்தான் நிறுத்தினார். கோகுல்ராஜ் நிறுத்தக் கேட்டான். நான்தான் கேலி பேசி வாயை அடைத்தேன். தப்பு என்னுடையது."

பொன்னுவேல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அந்த மூஞ்சிய அப்படியே வச்சுக்கிட்டு இன்னொருக்காச் சொல்லுய்யா" என்றார். மூன்றாம் முறை சொன்னபோதுதான் நிறுத்தினார். கோமாளி வேலை பார்ப்பவனின் மன்னிப்புக்கு இவ்வளவுதான் மதிப்பு. அப்புறம் என்னைத் திட்டினார். எழுதக்கூடிய சொற்கள் இல்லை. ஆனால் திட்டு வாங்கியது நன்றாக இருந்தது.

கோகுல்ராஜ் பெட்ரோலில் ஏதோ கழுவிக்கொண்டிருந்தான். "விடுங்கண்ணே" என்றான். விடு என்று சொன்னவன் என்னோடு பேசவில்லை.

ஜூலை 15

கிளாவரைக்குப் போன் செய்து அங்கேயும் சொன்னேன். தமிழ்மதி நான் சொல்லி முடிக்கும்வரை கேட்டாள். பிறகு, "நீங்க கேலி சொன்னீங்க சித்தப்பா. சரி. நானுந்தான சிரிச்சேன்" என்றாள். அதை அவள் சொல்லியிருக்க வேண்டாம். இன்னும் வலித்தது.

முருகம்மாள் போனை வாங்கினார். "பூண்டைத் திருப்பிக் குடுங்க."

ஜூலை 19

பூண்டைக் கொண்டு போய்க் கொடுத்தேன். பாதி தீர்ந்திருந்தது. ரசத்துக்குப் போட்டது போக மிச்சம் என்றேன். எண்ணி வாங்கிக்கொண்டார். நல்ல காபி கொடுத்தார்.

ஆகஸ்ட் 21

அண்ணனுக்கு ஆபரேஷன் முடிந்தது. நலம். கோகுல்ராஜ் நேற்றிலிருந்து "ம்", "இல்ல" என்ற அளவில் என்னோடு பேசுகிறான். தமிழ்மதி பைக்கில் ஏறிவிட்டாள்.

செப்டம்பர் 4

பழனியில் ஸ்வேதா கல்யாணம். பந்தியில் சம்பந்தி என்னை அடையாளம் கண்டு, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தன் அண்ணன் தம்பிகள் முன்னால் நிறுத்தினார். "இவருதான் அந்த எக்ஸ்பிரஸ்காரரு. அதை ஒருக்காச் சொல்லுங்க, இவங்க கேட்டதில்லை."

அது நானாகக் கட்டிவிட்டது, அவர் நின்றது எஞ்சினுக்காக, பிளக்கின் நிறம் பார்ப்பதற்காக என்று விளக்கினேன். காற்று, கனம், பெட்ரோல் எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்கள். கேட்டு முடித்ததும் சம்பந்தி, "அது கெடக்குங்க, அந்தப் புதர்னு வருமே, அதைச் சொல்லுங்க" என்றார். நான் சொல்லவில்லை. அவரே சொன்னார். என்னைவிட நன்றாகவே சொன்னார்.

அண்ணன் கொஞ்ச தூரத்தில் சந்தனப் பேலாவோடு நின்றிருந்தார். நான் விளக்கியதும் அவர் காதில் விழுந்திருக்கும், சம்பந்தி சொன்னதும் விழுந்திருக்கும். நான் சொன்னது பாதிப் பொய் என்று தெரிந்த ஒரே ஆள். என் பக்கம் வந்து பேலாவை நீட்டினார். தொட்டுக் கையில் பூசிக்கொண்டேன்.

சந்தனம் காய்கிறவரை யோசித்தேன். ஒரு கேலியைத் திரும்ப வாங்க முடியாது. நான் பெற்றதுதான், என் பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறது. உண்மையைச் சொன்னாலும் அதுதான் ஜெயிக்கிறது. உண்மை அவ்வளவு சிரிப்பாக இல்லை.

செப்டம்பர் 12, கோயம்புத்தூர் லாட்ஜில்

வேனில் இந்த முறை பொன்னுவேலும் அவர் மச்சினரும். பெருமாள்மலை வந்தது. கோகுல்ராஜ் வாயைத் திறப்பதும் மூடுவதும் கண்ணாடியில் தெரிந்தது. நான் பிரேக்கில் கால் வைத்ததுதான் தாமதம், மச்சினர் பின்னாலிருந்து, "சேனாதிபதி எக்ஸ்பிரஸ் வந்துருச்சுடோய்" என்றார். இவருக்கு யார் சொன்னது? யாராவது சொல்லியிருப்பார்கள். ஊரெல்லாம் ஓடுகிற வண்டிதானே.

"சேனாதிபதி இல்லைங்க, மணியன் எக்ஸ்பிரஸ்" என்றேன். "எனக்குத்தான். சர்க்கரை. சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டுத்தான் இத்தனை நாளா அவரு பேர்ல ஓட்டிக்கிட்டு இருந்தேன்."

வேன் சிரிப்பில் வெடித்தது. பொன்னுவேல் தொடையில் அடித்துக்கொண்டு, "அடப்பாவி, ஒன் மூத்திரத்த அந்த மனுசன் தலையில கட்டுனியாய்யா" என்றார்.

இறங்கிப் புதருக்குப் பின்னால் போய் நின்றேன். ஒன்றும் வரவில்லை. தைல மரத்துப் பட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வேன் பக்கம் பைக் உறுமியது, நின்றது. கோகுல்ராஜுக்குப் போதுமான நேரம் கொடுத்துவிட்டு, ஜிப்பை இழுத்து விடுவது போல் நடித்துக்கொண்டு வந்து ஏறினேன். அண்ணன் எஞ்சினில் சோலி இருப்பது போல் நடித்தார். நான் புதரில் சோலி இருப்பது போல் நடிக்கிறேன்.

வடகவுஞ்சியில் தமிழ்மதி ரயில்வே அம்மா குரலில் ஆரம்பித்துவிட்டாள். பெயரை மாற்றிவிட்டாள். புதருக்குள் நின்றபடி முழுவதையும் கேட்டேன். சிரிப்புச் சத்தம் முதுகில் வந்து விழும்போது எப்படி இருக்கும் என்று இப்போது தெரிகிறது. காது சுடும். கழுத்து தானாக உள்ளே போகும். ஐந்து வருடம் ஒருவர் இதற்குப் பயந்து பயந்து இறங்கியிருக்கிறார்.

சவரிக்காட்டிலும் நின்றோம். நாலாவதாக வரதமாநதி அணையில் எனக்கு நிஜமாகவே வந்தது.

செப்டம்பர் 14

ஓடி முடித்தாள். நாலாவது இடம். ஜெயிக்கவில்லைதான். பொன்னுவேல் கொட்டகையைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், வண்டிக்கு அடுத்த பிப்ரவரிக்குள் என்னென்ன வேண்டும் என்று கோகுல்ராஜைக் கேட்டார்.

கோகுல்ராஜ் பிளக்கைக் கழற்றிக்கொண்டு வந்து என் உள்ளங்கையில் வைத்தான். சூடாக இருந்தது. டீ நிறம். போட்டோ எடுத்து அடுக்கத்துக்கு அனுப்பினேன். பதிலாகக் கட்டைவிரல் படம் ஒன்று வந்தது. அது பிளக்கைப் பாராட்டிய கட்டைவிரலா, அன்று வீட்டின் பின்பக்கத்தைக் காட்டிய கட்டைவிரலா என்று கேட்கவில்லை.

ஊர் திரும்பும்போது கோகுல்ராஜ் ஓட்டினான். மலை ஏறும்போது எஞ்சினைப் பார்க்க வேண்டிய வேலை எதுவும் கிடையாது. வடகவுஞ்சி வந்ததும் வண்டியை மெதுவாக்கி, ரோட்டைப் பார்த்தபடியே, "என்ன மணியண்ணே, நிறுத்தவா?" என்றான்.

வேனே சிரித்தது. அவனும்தான்.

"நிறுத்துப்பா" என்றேன்.